எண்ணெய் படிந்த தோட்டாக்கள்

செப். 6, சனி

காலையிலிருந்து தூறல். துப்பாக்கிச் சூட்டுத் திடலுக்குப் போகும் வழியில் ரொம்மனில் அவன் வீட்டடியில் செந்திலை (இனி செ.) ஏற்றிக்கொண்டேன். கார் முழுக்க அவன் பேச்சு. அவன் ஊர் கோயம்புத்தூரில் மழையே இல்லையாம். எனக்கென்ன.

நூறு மீற்றர். தோட்டாப் பெட்டிக்கு ஐந்து வெடி.
பெட்டி அ: சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறல்.
பெட்டி ஆ: அதைவிட மோசம். ஒன்று குறித்தாளிலேயே இல்லை.
செ.யின் பெட்டி: ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

ஒரே வெடிமருந்து, ஒரே ஈயச் சன்னம், ஒரே தராசு. துவக்கும் ஒரே ரகம். என்னுடையது விலை கூடியது வேறு.

வேலைப் பிரிவு: சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளுக்குக் கொழுப்புத் தடவி, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, துடைத்துத் தருவது செ. மருந்து நிறுப்பதும் சன்னம் பொருத்துவதும் நான், இருவர் பெட்டிக்கும். அப்படியிருக்க அவனுடையது மட்டும் ஏன் நேரே போகிறது?

ஒய்விண்ட் (வேட்டைக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தச்சர்) தாளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இருபதாம் தேதி திரும்பவும் பார்ப்பேன். வேட்டையன்று சதுப்போரத்தில் யார் நிற்பது என்று அன்றைக்குச் சொல்கிறேன்."

போன வருஷம் அங்கே நின்றது நான். நான் சுட்ட எல்க் மான் விழவில்லை. வயிற்றில் காயத்தோடு ஐந்து மணி நேரம் அலைந்தது. கடைசியில் வேறொருவர் முடித்துவைத்தார். அந்த ஐந்து மணி நேரத்தை யாரும் மறக்கவில்லை. நானும்தான்.

செப். 8, திங்கள்

காலை முறை வேலை. வைத்தியசாலையில் கருவி கழுவும் பகுதி. தட்டில் ஒரு கத்தரி குறைந்தாலும் கண்டுபிடிப்பவன் நான். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தராசைச் சோதித்தேன். சரி. விளக்கை, ஹீற்றரை அணைத்துவிட்டு மருந்தை நிறுத்துப் பார்த்தேன். அதுவும் சரி. மருந்தைக் கொஞ்சம் குறைத்து, கையேட்டு வரம்புக்குள்ளேயே, பெட்டி இ தயாரித்தேன். முழுத் தோட்டாவின் நீளத்தை ஒவ்வொன்றாக அளந்தேன். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

வாங்க: பால், மிளகாய்த்தூள். கார் சில்லு மாற்றக் கராஜில் நேரம் எடுக்க வேண்டும்.

செப். 10, புதன்

பெட்டி இ-யைத் திறந்தேன். தோட்டாக்களில் பிசுக்கு. லேசான செம்மண் நிறம். சனிக்கிழமையும் கையில் ஒட்டியது, தூறல் ஈரமென்று விட்டுவிட்டேன்.

துடைத்த துணியைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தேதி எழுதி வைத்தேன். செ. துடைக்காமல் விட்ட கொழுப்பு. வேறென்ன? எண்ணெய்த் தோட்டா துவக்கின் வெடியறைக்குள் ஒரே மாதிரிப் பிடிக்காது, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஓடும். பக்கத்தில் இருந்த அவன் பெட்டியையும் திறந்து பார்த்தேன். பளிச்.

தன்னுடையதை மட்டும் துடைத்திருக்கிறான்.

ஆனால் திங்கட்கிழமை நான் சன்னம் பொருத்தும்போது பிசுக்கைக் காணவில்லையே. அப்படியானால் பிறகு வந்து தடவியிருக்கிறான். தோட்டா வேலை நடக்கும் நிலக்கீழ் அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என் காற்சட்டைப் பையில். மற்றது அவனிடம். நான்தான் கொடுத்தேன், என் புத்திக்கு.

மனைவி றெஜினாவிடம் கேட்டேன், செ. பகலில் வந்தவனா என்று.

"நான் காணேல்லை. ஏனப்பா?"

"சும்மா."

அவளிடம் விளக்கிப் பயனில்லை. துவக்கைக் கண்டாலே கை நடுங்கும். ஊரில் ஆமிக்காரர் துவக்கோடு வீடு வீடாகச் சோதித்த காலத்துப் பயம். அந்த அறைப் பக்கமே வரமாட்டாள்.

எல்லாவற்றையும் துடைத்தேன். பெட்டியைச் சுற்றி ஒரு கறுப்பு நூல். மூடியில் பென்சிலால் புள்ளி.

செப். 12, வெள்ளி

நூல் அறுந்திருக்கிறது. எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று தெரியவில்லை.

திரும்பவும் பிசுக்கு. இந்த முறை துடைக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்ச் சுடுவேன், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

செப். 13, சனி

வெயில். பெட்டி இ: சிதறல். செ.யின் முகத்தில் கவலைதான் தெரிந்தது. நல்ல நடிகன்.

"அண்ணா, என் தோட்டா ரெண்டு உங்க கன்ல போட்டுப் பாருங்க."

போட்டேன். இரண்டும் நடுவில். ஆக, துவக்கில் பிழையில்லை, கையிலும் இல்லை.

"நீங்களே வச்சுக்கங்கண்ணா, நான் வேற போட்டுக்கறேன்."

வேண்டாம் என்றேன். அவன் பிச்சையில் நான் சதுப்போரத்தில் நிற்பதா? குழுவுக்குக் கூட்டிவந்ததே நான். மூன்று வருஷத்துக்கு முன் ட்ராமில் தமிழ் கேட்டுத் திரும்பிப் பார்த்த பையன். சோறு போட்டு, வேட்டைப் பரீட்சைக்குப் படிப்பித்து, இப்போது என் இடத்துக்கு ஆசைப்படுகிறான்.

செப். 14, ஞாயிறு

தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனோம். பிரசங்கம் காதில் ஏறவில்லை. கார் தரிப்பிடத்தில் நின்றபடியே ஒய்விண்டுக்குச் செய்தி எழுதினேன்: தோட்டா விஷயத்தில் செந்திலை நம்ப முடியாது. அவனோடு ஒரே வரிசையில் நான் நிற்கமாட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில். "பாதுகாப்பு என்றால் நான் இரண்டு முறை யோசிப்பதில்லை. இந்த வருஷம் அவன் வேண்டாம்."

ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்பார் என்று நினைத்திருந்தேன்.

செப். 16, செவ்வாய்

செ.யிடமிருந்து குரல் செய்தி. நான்கு தரம் கேட்டேன்.

"அண்ணா, என்னை டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க போல. உங்களுக்கு அவரை நல்லாத் தெரியும்ல, கொஞ்சம் பேசிப் பாருங்கண்ணா. அப்புறம் உங்க கேஸ் நாப்பதையும் ரெண்டு தடவை துடைச்சு வச்சிருக்கேன். ஒருவேளை என் பக்கம்தான் தப்போ என்னவோ."

கோதை அவன் கேஸ் என்பான். வழமையாகத் திருத்துவேன்.

பதில் போடவில்லை. ஒருவேளை இதுவும் நடிப்பு. ஒருவேளை என்று எழுதும்போதே எனக்கு என்மேல் எரிச்சல்.

செப். 17, புதன்

மூன்று மணிக்கு வேலையால் வந்தேன். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி சரிந்து கிடந்தது. நிமிர்த்தப் போனேன். பக்கத்தில் ஒரு சின்னக் கண்மருந்துப் போத்தல். அதில் வழிந்திருந்தது விரலில் பட்டது.

பிசுக்கு. செம்மண் நிறம்.

பிளாஸ்ரிக் பையை எடுத்துவந்து துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"றெஜினா, இதென்ன?"

"மடு மாதா கோயில் மண். மந்திரிச்ச எண்ணெயிலை குழைச்சது."

"என்ரை பெட்டியைத் திறந்தனியா?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மறைக்கவில்லை.

"ஓம். நீங்கள் வேலையாலை வந்து படுக்கேக்கை உங்கடை காற்சட்டைப் பையிலை இருந்து திறப்பை எடுத்தனான். முதல் பெட்டியிலையிருந்து ஒவ்வொண்டிலையும் ஒரு சிலுவை போட்டனான், அழிஞ்சிருந்தால் திரும்பவும். அந்த மிருகம் அஞ்சு மணித்தியாலம் திரிஞ்சதெண்டு வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லி உருகினீங்கள். இந்தமுறை ஒரே வெடியிலை விழவேணுமெண்டு மாதாவிட்டைக் கேட்டனான்."

"உனக்குத் தொடப் பயமில்லையா?"

"பயந்தான். கை நடுங்கினதிலை எண்ணெய் கூடக் கொட்டுப்பட்டிட்டுது."

"செந்திலின்ரை பெட்டிக்கு ஏன் போடேல்லை?"

"அந்தப் பிள்ளை சைவ சமயமெல்லே. கேக்காமல் எப்பிடிப் போடுறது?"

கோபம் வரவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "பிழையா?" என்று கேட்டாள். அவளுடையது சின்னப் பிழை என்றேன். என்னுடையதைச் சொல்லவில்லை.

செப். 18, வியாழன்

ஒய்விண்டுக்குத் தொலைபேசி. முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உன் வீட்டில் உன் தோட்டாவை வேறொருவர் தொட்டிருக்கிறார். உனக்குத் தெரியவில்லை. சாவி இன்னொருவரிடமும் இருந்திருக்கிறது."

"ஓம்."

"செந்தில் வரட்டும். நீ துவக்கில்லாமல் வா. வேட்டை நாயின் கயிற்றைப் பிடி."

சரி என்றேன். நியாயம்தான்.

பிறகு ரொம்மனுக்குப் போனேன். போனில் சொல்லக்கூடாது என்று பட்டது. வாசலிலேயே நின்று சொன்னேன், ஒய்விண்டிடம் சொன்னது நான்தான் என்று. நூல் கட்டினதை, துணியைப் பையில் போட்டதை, எல்லாம். செ. கதவைப் பிடித்தபடி கேட்டான்.

"அதான் நாலு நாளா போன் எடுக்கலையா?"

"ஓம்."

"சரி." உள்ளே போய்த் துடைத்த கோதுகளைக் கொண்டுவந்து தந்தான். நாற்பது. திரும்பும் வழியில் காரை நிறுத்தி எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

செப். 27, சனி

மூன்று பாகைக் குளிர். மூடுபனி. நாய் இழுத்த இழுப்பில் தோள் வலி.

பத்தரைக்குச் சதுப்போரத்தில் ஒரு வெடி. ஒன்றே ஒன்று. ரேடியோவில் ஒய்விண்ட்: "விழுந்துவிட்டது. அடுத்த அடி வைக்கவில்லை." எனக்குக் கண் கலங்கியது. செ. சுட்டான் என்பதற்காகவா, மிருகம் அலையவில்லை என்பதற்காகவா, இரண்டும்தான்.

மாலையில் கொட்டிலில் இறைச்சி பங்கு. என் பங்கைச் செ.யே பையில் கட்டிக் கொண்டுவந்தான். றெஜினாவுக்கென்று நல்ல துண்டாக ஒன்று தனியே. நன்றாகச் சுட்டாய் தம்பி என்றேன். தலையாட்டினான்.

"எடுத்துக்குங்க சார்."

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். இறைச்சிக்கு மேலே, சின்னப் பிளாஸ்ரிக் உறையில், அவனிடம் இருந்த நிலக்கீழ் அறைச் சாவி.