பின்னால் ஆறு தெரிய வேணும்

பிளாக்டவுன், சிட்னி
10.08.2025

அன்புள்ள பவளத்துக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளை நிரூபாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று முருகனை மன்றாடுகிறேன். நாள் தவறாமல் போனில் கதைக்கிற மனுசன் இப்போது ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர். போனை எடுத்தால் உம்முடைய அண்ணர் பக்கத்தில் நிற்கிறார், அல்லது ஸ்பீக்கரில் போட்டிருக்கிறீர். கல்யாண வீட்டில் தனியாகக் கதைக்க இடமேது. இங்கிருந்து இரஞ்சிதம் அன்ரி வியாழக்கிழமை யாழ்ப்பாணம் வருகிறா. இந்தக் கடிதத்தை உம்முடைய கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு வாசியும்.

முதலில் அண்ணர் கேட்ட விசயம். நிரூபாவின் கல்யாணத்தன்று நான் வீடியோவில் வந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டுமாம், அதை மண்டபத்தில் பெரிய திரையில் போடுவாராம். ஆனபடியால், "அத்தான், நல்ல இடமாப் பார்த்து நில்லுங்கோ, பின்னால ஆறு தெரிய வேணும், பக்கத்தில கார் ஒண்டும் நிக்க வேணும்" என்று சொன்னார். நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரியும்தானே. ஒரு வீட்டின் கராஜுக்குள் நானும் துஷாந்த், பிரஷாந்தன் என்ற இரண்டு பெடியளும். மூன்று கட்டில், ஒரு கதிரை, குசினி என்று சொல்ல மூலையில் ஒரு காஸ் அடுப்பு. அதைத் திரையில் போட்டால் மேளகாரரே எழும்பிப் போய்விடுவார்கள்.

இடம் பார்த்தாகிவிட்டது. நேப்பியன் ஆற்றங்கரையில் அரசாங்கத்தின் பூங்கா ஒன்று இருக்கிறது. இங்கிருந்து காரில் முக்கால் மணித்தியாலம். கூரை போட்ட கொட்டகை, நீட்டு மேசை, பொத்தானை அமத்தினால் சூடாகிற அடுப்பு, துப்புரவான கக்கூஸ், எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் கொட்டகை வேண்டுமென்றால் முன்கூட்டியே இன்டர்நெட்டில் பதிய வேண்டும். துஷாந்த்தான் பதிந்தான். என்ன நிகழ்வு என்று ஒரு கேள்வி வந்தது. கல்யாணம் என்று போட்டால் தனி அனுமதி, எத்தனை கதிரை, யார் பொறுப்பு என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறது. பெடியன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். குடும்பப் பிக்னிக் என்று போடச் சொன்னேன். எந்தக் குடும்பம் என்று அது கேட்கவில்லை.

போன ஞாயிறு மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். சனம் கயாக் ஓட்டுகிறது, தூண்டில் போடுகிறது, சைக்கிளில் சுற்றுகிறது. வெள்ளைக் கிளிகள் வந்து பிரஷாந்தனுடைய பாணைப் பறித்துக்கொண்டு போய்விட்டன. நான் முதலில் ஆற்றுக்குக் கிட்டப் போகாமல் கொட்டகைக்குள்ளேயே நின்றேன். இந்த நாட்டுக்குப் படகில் வந்த அந்த இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு நான் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. கடற்கரைக்குக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பதின்மூன்று வருடமாகத் தடிமன், காய்ச்சல் என்றே சொல்லி வருகிறேன். கொட்டகைக்குள் போனுக்கு ஒரு கோடுதான் சிக்னல். நடந்து நடந்து பார்த்ததில், படகு இறக்குகிற சீமெந்துச் சரிவில் தண்ணீர் காலில் முட்டுகிற இடத்தில் நாலு கோடு காட்டியது. வேறெங்கும் இல்லை. ஆக அங்கேதான் நிற்க வேண்டும், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அண்ணருக்குச் சந்தோசமாயிருக்கும்.

கார் பிரஷாந்தனுடையது. இடது பக்கம் நசுங்கினபடியால் வலது பக்கம் தெரிய நிறுத்துவோம். முகூர்த்தம் உங்களுக்குக் காலமை 9.40, எங்களுக்குப் பின்னேரம் 2.10. குளிர் காலம் முடியவில்லை, வேட்டி சால்வையோடு நின்றால் நடுங்கும், ஜக்கெட் போடக் கூடாது என்று அண்ணரின் கட்டளை. ஐந்து மணிக்குப் பூங்காக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வேலைத்தலத்து ஆட்களையும் சேர்த்து ஒன்பது பேர். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். பெடியள் அடுப்பைக் கண்டவுடன் கோழி வாட்டுவோம் என்று துள்ளினார்கள். என் பிள்ளையின் கல்யாணம், அண்டைக்குச் சைவம்தான் என்று சொல்லிவிட்டேன்.

இனி நான் எழுத வந்த விசயம்.

பிள்ளை என்னோடு கதைத்து மூன்று மாதமாகிறது. நீரும், குளிக்கிறாள், கடைக்குப் போயிட்டாள், தலை இடிக்குதாம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்கிறீர். எனக்குப் பொய் சொல்லவும் உமக்குச் சரியாக வராது, பவளம். அவள் கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "லீவு தரேல்லை எண்டால் வேலையை விட்டிட்டு வாங்கோ அப்பா. என்னைவிட வேலையோ பெரிசு?" என்று கேட்டாள். இங்கே சீசன், ஆள் இல்லை என்று இழுத்தேன். அவள் போனை வைத்துவிட்டாள். கோபம் சரியான கோபம். அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருப்பேன்.

அண்ணரை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. மாப்பிள்ளை வீட்டாருக்கு, பெரிய கொம்பனியில் சுப்பவைசர், பெர்மனன்ட் விசா, லீவுதான் பிரச்சினை என்று அவர் சொன்னார். பிள்ளைக்கு அந்தப் பொய்யை முதலில் சொன்னவன் நான். என்னுடைய அகதிக் கேஸைத் தள்ளுபடி செய்த கிழமைதான் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓ எல் சோதனை. அழுதுகொண்டு போய் எழுதப் போகிறாளே என்று, அப்பாவுக்கு விசா கிடைச்சிட்டுது அம்மா என்று சொல்லிவிட்டேன். சோதனை முடியச் சொல்லுவோம் என்று நீரும் சொன்னீர். பிறகு ஏ எல் வந்தது. பிறகு கம்பஸ். பிறகு சம்பந்தம். நல்ல செய்திக்கு நாள் பார்க்கிற சனம் நாங்கள், கெட்ட செய்திக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

நான் எப்படி இருக்கிறேன் என்று உமக்கே முழுக்கச் சொன்னதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிற விசா. மரக்கறி பொதி செய்கிற வேலை. வெளியே போகிற கதவை ஒருவரும் பூட்டவில்லை, பவளம். நாளைக்கே, ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறலாம். திரும்பி உள்ளே வரத்தான் ஏலாது. களவாகப் படகேறிப் போனவனைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினவுடன் யார் கூப்பிடுவார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்றும் தெரியாது. இரண்டு தரம் அந்தப் பேப்பரை நிரப்பினேன். பொம்பிளையின் தகப்பனை விமான நிலையத்திலிருந்து விசாரணைக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேள்விப்பட்டால் பிறகெங்கே கல்யாணம். இரண்டு தரமும் கிழித்துப் போட்டேன். வந்தால் அவளுடைய வாழ்க்கை குழம்பும், வராவிட்டால் அவளுக்கு நான் தகப்பனில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கட்டிலில் கிடந்து கராஜ் முகட்டைப் பார்க்கிறேன்.

மணவறையில் அண்ணரும் மச்சாளும் இருந்து தாரை வார்ப்பார்கள் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சரி. புருசன் பக்கத்தில் இல்லாமல் நீர் தனியாக இருக்க முறையில்லை என்று ஐயர் சொன்னாராம். என்னால் உமக்கும் அந்த இடம் இல்லாமல் போய்விட்டது, அதை நினைக்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று மட்டும் செய்யும். அந்த நேரத்தில் போனை நீர் பிடியும். அண்ணரிடமோ வீடியோக்காரப் பெடியனிடமோ கொடுக்க வேண்டாம். நீர் பிடித்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற மாதிரி இருக்கும்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு படம் வைத்திருக்கிறேன். இரண்டும் துஷாந்த் எடுத்தது, பிளாக்டவுனில் ஒரு கடையில் கழுவினோம். முதலாவது ஆற்றங்கரையில். வேட்டி சால்வை, பின்னால் தண்ணீர், பக்கத்தில் கார். அண்ணர் சொன்னபடி சிரித்திருக்கிறேன். அதை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடும், மண்டபத்தில் மாட்டினாலும் மாட்டட்டும். இரண்டாவது கராஜில் எடுத்தது. கட்டிலில் இருக்கிறேன், தலைமாட்டில் விசாக் கடிதங்களின் கோப்பு, சுவரில் அவளுடைய கம்பஸ் பட்டமளிப்புப் படம். இந்த இரண்டாவதில் நான் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்ல பெடியனுக்கு மனம் வரவில்லைப்போல.

அதைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி எழுதத்தான் பேனை எடுத்தேன். எழுத எழுதக் கை பின்வாங்குகிறது. பந்தல் போட்ட வீட்டில் அவள் அழ வேண்டுமா? அதைப் பார்த்துவிட்டு, அப்பா இல்லாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நின்றால்? அப்பாவோடு கோபித்துக்கொண்டு போகிற பிள்ளை தலை நிமிர்ந்தாவது போவாள். ஆனால் அவள் சாகும்வரை, என் அப்பா நாலு நாள் லீவு எடுக்க மனமில்லாத மனுசன் என்று நினைத்துக்கொண்டிருப்பாளே. அதையும் என்னால் தாங்க ஏலாது. அவளைப் பதின்மூன்று வருடம் கையில் வைத்து வளர்த்தவர் நீர். அவளுக்கு எது தாங்கும் என்று உமக்குத்தான் தெரியும். நீர் செய்வதைச் செய்யும். செய்ததை எனக்குச் சொல்ல வேண்டாம், போனில் சொன்னால் அண்ணர் கேட்பார்.

அன்றைக்கு 2.10க்கு நான் அந்தச் சீமெந்துச் சரிவில் நிற்பேன். போனைத் தூக்கிப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு நிமிசம் பிடியும். அவள் என்னை எப்படிப் பார்க்கிறாள் என்றதில், எந்தப் படம் அவளுடைய கைக்குப் போனதென்று எனக்கு விளங்கிவிடும். எதுவானாலும் கையை உயர்த்தி, நல்லாயிரு அம்மா என்றுதான் சொல்வேன். பின்னால் ஆறு தெரியும். நீர் அதைப் பார்க்க வேண்டாம், என்னைப் பாரும்.

என்றும் உம்முடைய,
செந்தில்நாதன்