டீச்சர் வீட்டு பி.பி. நம்பர்

12.6.1996, புதன்

இன்னைக்கு ஜெயமணி டீச்சர்கிட்ட பொய் சொல்லிட்டேன்.

எட்டு வருஷமா பக்கத்து வீட்டு டீச்சர் போன்தான் எங்களுக்கும் போன். எங்க வீட்டுக்காரரோட இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அட்டையிலகூட அந்த நம்பரைப் போட்டு, பக்கத்துல பி.பி.ன்னு அச்சடிச்சிருந்தோம். யாராவது கூப்பிட்டா டீச்சர் மதிலுக்கு வந்து, "ஏ செல்வி, உனக்குப் போன்"னு சொல்லுவாங்க. அப்பா இறந்த சேதி வந்த அன்னைக்கு மட்டும் வீட்டுக்கே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க.

போன மாசம் எங்களுக்கே லைன் வந்தது. மிச்சமிருந்த அட்டைகள்ல டீச்சர் நம்பரைக் கோடு போட்டு அடிச்சது நான்தான். "ஒருத்தரைப் பேச விட்டா தெருவே வந்து நிக்கும்"னு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் டீச்சர் வந்தாங்க.

"மகளை ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு இப்பதான் போன்ல சொன்னாங்க. அதோட எங்க போன் செத்துட்டு. நாகர்கோவிலுக்கு ஒரு நிமிஷம் பேசிக்கிடட்டுமா?"

எங்க லைனும் காலையிலேர்ந்து இல்ல டீச்சர்னு சொன்னேன். யோசிக்கக்கூட இல்ல. வாய் தானா சொல்லிட்டு.

"சரி, பூத்துக்குப் போறேன்"னு படி இறங்கினாங்க. கேட்டைத் திறக்கும்போது உள்ளே போன் மணி அடிச்சது.

டீச்சர் திரும்பிப் பார்த்தாங்க. முகத்துல கோபம் இல்ல. "ஏ செல்வி, உனக்குப் போன்"னு எப்பவும் போலச் சொல்லிட்டு, கேட்டைச் சாத்திட்டுப் போயிட்டாங்க.

நான் எடுக்கல. அது அடிச்சு ஓயுற வரைக்கும் வாசல்லேயே நின்னேன்.

மக என்ன ஆனாளோ. எந்த முகத்தோட மதிலுக்குப் போய்க் கேக்க.