சான்றிதழ் அவருடையது, ரொட்டி என்னுடையது

பிப்ரவரி 6, செவ்வாய்

செக் நாட்டுத் தொழில் உரிம அலுவலகம். ஸ்டென்கா அம்மாள் என் காகிதங்களை மூன்று முறை புரட்டினார். குற்றம் எதுவும் செய்யாதவள் என்ற சான்று, கடை முகவரி, மொழிபெயர்ப்பில் முத்திரை எல்லாம் சரி.

"ரொட்டி சுடத் தெரியும்கிறதுக்கு அத்தாட்சி எங்க?"

ஜார்ஜியாவில், குத்தாயிசி ஊரில் இருபத்திரண்டு வருஷம் சுட்டேன் என்றேன். அந்தக் கடையிலிருந்து கடிதம் வேண்டுமாம். அது இப்போது செல்போன் கடை. முதலாளி எங்கே போனாரோ!

மே மாதம் என் தங்கும் அனுமதி முடிகிறது. அதற்குள் உரிமம் கிடைக்காவிட்டால் ஜார்ஜியாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இவ்வளவையும் நான் சுட்டுக் கொண்டுபோன பாலாடைக்கட்டி ரொட்டியை, எங்கள் ஹச்சபூரியை, தின்றுகொண்டேதான் சொன்னார்.

பிப்ரவரி 7

'அதைத் தின்னீங்களே, அது அத்தாட்சி இல்லையா?' என்று கேட்டிருக்கலாம். இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

பிப்ரவரி 15

வழி இருக்கிறதாம். சான்றிதழ் உள்ள ஒருவர் எனக்குப் 'பொறுப்பாளர்' என்று கையெழுத்துப் போட்டால் போதும். மாடிவீட்டு போஹுமீரிடம் அது இருக்கிறது. பதினெட்டு வயதில் ரொட்டித் தொழில் பள்ளியில் வாங்கியது. பிறகு ஓய்வு பெறும்வரை இந்த ஒலோமோட்ஸ் ஊரிலேயே டிராம் ஓட்டினார்.

"கடைசியா எப்ப மாவு பிசைஞ்சீங்க ஐயா?"

"பரீட்சை அன்னிக்கு."

"எனக்காகக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"நான் எதுக்கும் பொறுப்பேத்துக்குற ஆள் இல்லம்மா. என் பொண்டாட்டி இருந்திருந்தா அவளே சொல்லியிருப்பா."

பிப்ரவரி 19

நான்கு ஹச்சபூரிக்குப் பிறகு போட்டார். ஐந்தாவதைப் பொட்டலம் கட்டச் சொன்னார்.

ஏப்ரல் 2

கடை திறந்தாயிற்று. போஹுமீர் கழுத்துப்பட்டை கட்டி வந்து நின்றார். வருகிறவர்களிடமெல்லாம் "இங்க நான்தான் பொறுப்பு" என்கிறார். ஒருத்தி என்னைக் காட்டி, "அப்ப இவங்க?" என்று கேட்டாள். "இவங்க சுடுவாங்க," என்றார்.

ஏப்ரல் 11

இந்த ஊர் நாற்றப் பாலாடைக்கட்டியை ஹச்சபூரிக்குள் வைக்கலாமாம், போஹுமீர் சொல்கிறார். முடியாது என்றேன். "பொறுப்பாளர் நானா, நீயா?"

மே 14

தங்கும் அனுமதியை நீட்டித்துவிட்டார்கள். பேருந்திலேயே அழுதுவிட்டேன்.

ஜூன் 20

ஆய்வாளர் வந்தார். கேள்வியெல்லாம் போஹுமீரிடம்தான். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாவு பொங்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த வண்டிக்குக் காத்திருக்கச் சொல்லுவேன்."

மனுஷன் விளையாட்டாகச் சொல்லவில்லை. பதறிப்போய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டு, "இலையுதிர் காலத்துல மறுபடி வருவேன்," என்று கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபம்! எத்தனை வருஷம் அடுப்புல வெந்திருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. இனிமேல் இன்னொருத்தர் தாளை நம்பி உட்கார முடியாது. பரீட்சையை நானே எழுதப்போகிறேன். நாற்பத்தாறு வயதில், செக் மொழியில்!

செப்டம்பர் 12

தேறிவிட்டேன். பின்னல் ரொட்டியைப் பார்த்துப் பரீட்சை அம்மா விசிலடித்தார். வாய்மொழித் தேர்வில்தான் செக் மொழியின் அந்த 'ர்ஷ்' எழுத்து என் நாக்கைப் பிடித்து முறுக்கியது. வெளியே போஹுமீர் என்னைவிட அதிகமாக வியர்த்து நின்றார். தேறினேன் என்றதும், "நல்லது," என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். இவருக்கு என்ன ஆயிற்று?

செப்டம்பர் 24

ஸ்டென்கா அம்மாள் பொறுப்பாளர் விலகல் படிவம் கொடுத்தார். போஹுமீர் கையெழுத்திட்டால் கடை முழுக்க என் பொறுப்பு.

செப்டம்பர் 25

போஹுமீரின் கண்ணாடியைக் காணோமாம்.

செப்டம்பர் 30

வலது கை வலியாம். அந்தக் கையால்தான் மாவு மூட்டையைத் தூக்கி வைத்தார்.

அக்டோபர் 8

"வியாழக்கிழமைல நான் கையெழுத்துப் போடுறதில்ல," என்றார். இன்றைக்குச் செவ்வாய்.

அக்டோபர் 9

இரண்டு நாளாகக் கழுத்துப்பட்டை இல்லாமல் வருகிறார். காலை முழுக்க கடையைப் பெருக்கினார். பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினார்.

அக்டோபர் 15

படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன்.

"உங்ககிட்டயே சான்றிதழ் இருக்கே," என்றார் ஸ்டென்கா அம்மாள். "அவர் பேரு இன்னும் எதுக்கு?"

"இருக்கட்டும்."

"சட்டப்படி தேவையே இல்லைங்க."

"தெரியும்," என்றேன். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."