மணி இல்லாத டிகோடர்

பிப்ரவரி 4

அன்புள்ள பல்டாக்டரம்மாவுக்கு,

'டாக்டர் இல்லை, பல்செட் செய்கிறவள்' என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. நான் நலம். மின்நிலையத்தின் ஆறு டீசல் ஜெனரேட்டர்களும் நலம். போனில் லைன் கொரகொர என்கிறது, கடிதமே மேல் என்று நான் சொன்னது நல்ல யோசனைதானே? கல்யாணமான புதிதில்கூட நாம் இப்படி எழுதிக்கொண்டதில்லை.

ஒரு வேலை வைக்கிறேன். மாடி அறை மேசையில் ஓடும் என் பொம்மை ரயிலில் (நான் பொம்மை என்று சொல்லலாம், நீ சொல்லக்கூடாது) இரண்டு டீசல் இன்ஜின்களும் ஊமையாக இருக்கின்றன. அவற்றுக்குள் சவுண்ட் டிகோடர் வைக்க வேண்டும். நகம் அளவு சில்லுதான். உறுமல், ஹாரன், மணி, பிரேக் கிறீச்சிடுவது எல்லாம் அதிலிருந்து வரும். ரயில் கடைக்காரம்மாவிடம் மூன்று கம்பெனிச் சரக்கையும் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பதிவு செய்து, மெமரி கார்டில் போட்டு அனுப்பு. எது தேவலை என்று நான் கேட்டுச் சொல்கிறேன். பதினெட்டு வருஷமாக டீசலோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தெரியாததா.

இன்னொன்று. ஒப்பந்தத்தை மேலும் மூன்று வருஷம் நீட்டச் சொல்கிறார்கள். மார்ச் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 15

என்னங்க,

மூன்று வருஷத்தைக் கடிதத்தின் வாலில் ஒட்டிவிட்டால் என் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா? போன முறையும் இப்படித்தான் 'யோசித்தீர்கள்'. இந்த வருஷம் வந்துவிடுவேன் என்று சொன்னதை நம்பித்தான் மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்தேன். அதைப் பற்றி நிதானமாகச் சண்டை போடலாம்.

கடைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் நின்றதில் கால் போய்விட்டது. முதல் டிகோடர் தொண்டை கட்டினவர் பேசுவது மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் சக்கரம் வேகமெடுத்தால்தான் உறுமலும் கூடுகிறது. மூன்றாவதில் உறுமல் முன்னால் ஏறுகிறது, அதற்கு அப்புறம்தான் இன்ஜின் மெல்ல அசைகிறது. "நிஜ டீசல் இப்படித்தாம்மா. சத்தம் முதல்ல, வண்டி அப்புறம்" என்றார் கடைக்காரம்மா. என் ஓட்டு மூன்றாவதுக்கு. அதன் மணி அவ்வளவு தெளிவு. வீட்டுக்கு வந்த பிறகும் காதிலேயே நின்றது.

உங்கள் இன்ஜின் ஒன்றைக் கழற்றியும் பார்த்துவிட்டேன். ஸ்பீக்கர் வைக்க இடம் போதாது, உள்ளே இருக்கும் எடைக்கட்டியை இரண்டு மில்லிமீட்டர் அராவ வேண்டும். பல்செட் அராவுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா. கார்டு உள்ளே இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 26

அன்புள்ள பல்டாக்டரம்மாவுக்கு,

என்னைக் கேட்காமல் இன்ஜினைக் கழற்றினாயா? இருக்கட்டும், வந்து கவனித்துக்கொள்கிறேன்.

ஹெட்போன் மாட்டி நாலு தடவை கேட்டேன். கடைக்காரி உன் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள். மூன்றாவதில் உறுமல் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணி எங்கே? பிரேக் எங்கே? காற்று புஸ்ஸென்று விடுவது எங்கே? மற்ற இரண்டிலும் இதே கதை. ஓட்டை உடைசல் சரக்கையெல்லாம் ஏமாந்தவள் கிடைத்தாள் என்று எடுத்து ஓட்டிக் காட்டியிருக்கிறாள். நீயும் 'மணி தெளிவு' என்று எழுதுகிறாய். போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேள்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. போன வாரம் அபாயச் சங்கு ஊதி எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்களாம். நான் மட்டும் நாலாம் ஜெனரேட்டருக்கு அடியில் போல்ட் முடுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் திரும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். வேலையில் அவ்வளவு பக்தி என்று இப்போது கேண்டீன் வரைக்கும் கேலி.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. அதற்கு முன்னால் உடல் பரிசோதனை ஒன்று உண்டு, ஒப்புக்குத்தான். நீ கோபப்படாதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 8

என்னங்க,

நீங்கள் சொன்னீர்கள் என்று கடைக்கு வரிந்துகட்டிக்கொண்டு போனேன். "மணியில்லாத சரக்கைத் தலையில கட்டப் பார்க்கறீங்களா?" என்று கேட்டேன். கடைக்காரம்மா பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்தது. நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அப்போ கார்டுல பதியல" என்றேன். நான் எடுத்து வைத்திருந்த கார்டு நகலைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். மூன்றிலும் மணி இருக்கிறது. பிரேக் கிறீச்சிடுவதில் எனக்குப் பல் கூசியது.

"கேட்டவரோட காதைப் பாரும்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். நாலு பஸ்ஸை விட்டேன். போனில் லைன் கொரகொர என்றீர்கள். என் பக்கம் ஒரு நாளும் கொரகொரப்பு இருந்ததில்லை. கடிதம் எழுதலாம் என்று நீங்கள் சொன்னபோது இந்த வயசில் இவருக்கு இப்படி ஒரு ஆசையா என்று பல்செட் செய்யும் கூடத்தில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். இப்போது நினைத்தால் அழுகையும் வருகிறது, உங்களை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருக்கிறது.

உங்களுக்குக் காது கேட்கவில்லை. அபாயச் சங்கும் கேட்கவில்லை. அதைக் கேலிக்கதை மாதிரி எனக்கே எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள். கிளம்பி வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 15

உனக்கு,

ஆமாம், மணி கேட்கவில்லை. உறுமல் கேட்கிறது. என் வேலைக்கு உறுமல் போதும். எந்த சிலிண்டர் தப்பாக அடிக்கிறது என்று கையை வைத்தே சொல்லிவிடுவேன். இங்கே எவனுக்கும் அது வராது.

பரிசோதனையைப் பற்றிக் கவலைப்படாதே. ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டால் விரலைத் தூக்கு என்பார்கள். பொத்தானை அழுத்தும்போது அந்த ஆளின் தோள் லேசாக அசையும். தோளைப் பார்த்தே மூன்று வருஷமாகத் தேறிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை 28ஆம் தேதி.

நீ வா வா என்கிறாய். வந்து நான் என்ன செய்வேன்? நீ வேலைக்குப் போவாய், நான் மாடியில் உட்கார்ந்து ரயிலை வட்டமாகச் சுற்ற விட்டுக்கொண்டிருப்பேனா? ஒரு மாதம் லீவில் வந்தாலே நாலாம் நாள் எனக்குக் கைகால் பரபரக்கிறது, உனக்கே தெரியும். மூன்றே வருஷம். இது நமக்குள் இருக்கட்டும், யாரிடமும் வாய் திறக்காதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 21

என்னங்க,

உங்கள் மின்நிலையத்து டாக்டருக்கு நேற்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். தோளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு முழு நாள் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். நமக்குள் இருக்கட்டும் என்று நீங்கள் நம்பிச் சொன்னதை எடுத்து வெளியே கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியும். அடுத்த தடவை சங்கு ஊதும்போது அந்த எலக்ட்ரீஷியன் லீவில் இருந்தால்?

திட்டுங்கள். என்னைத் திட்டுவதற்காவது நீங்கள் முழுசாக வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 2

வீட்டுக்காரிக்கு,

இந்த முறை பரிசோதிக்கிற ஆளை என் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தார் டாக்டர். இரண்டே தடவைதான் விரலைத் தூக்கினேன். அந்த இரண்டு தடவையும் அந்த ஆள் எதையும் அழுத்தவில்லையாம்.

ஒப்பந்தம் இல்லை. கருவிப் பெட்டியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டேன். நாலாம் ஜெனரேட்டரின் மேல் கையை வைத்து நின்றேன். அவனும் கூட நின்றான்.

உன் மேல் இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பதினெட்டு வருஷத்தை ஒரு தபால்தலை ஒட்டி முடித்துவிட்டாய். நீ செய்தது சரிதான் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும், கோபம் அப்படியேதான் இருக்கும்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். முதலில் மணி மாதிரி உச்ச சுருதி ஒலிகள் போகுமாம், அதற்கு அடுத்த வரிசையில் பெண்களின் குரல். போனது திரும்பாது, இந்தச் சத்தத்தை விட்டு விலகினால் மிச்சம் இருப்பது நிற்கலாம் என்றார். இன்னும் மூன்று வருஷம் இங்கே இருந்திருந்தால் உங்கள் மனைவி பேசுவது உதடு அசைவதாகத்தான் தெரிந்திருக்கும் என்றார். பேனாவை வாங்கி, வேலையை விட்டு விலகும் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

9ஆம் தேதி காலை வருகிறேன். அழைக்க வராதே. வந்தாலும் சில நாள் நான் உன்னோடு பேசமாட்டேன். நீ பேசு. எதிரே உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிரு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் வீட்டுக்காரன்