கைராசியும் வார்ப்பிரும்பும்

பிப்ரவரி 13, செவ்வாய்

அடுப்படிச் சுவரை இடிக்கப் போகிறார்களாம். அடுப்படியும் முன்னறையும் ஒன்றாக வேண்டுமாம் மருமகள் நடாலியாவுக்கு. நான் என்ன தின்கிறேன் என்று சோபாவிலிருந்தே பார்க்கவா? இடிக்கட்டும். ஆனால் அந்தச் சுவரடியில் நீளமாகப் படுத்து, வயிற்றில் சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்குகிறதே என் வார்ப்பிரும்பு ஹீட்டர்?

"பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா" என்றான் மகன் அடெலினோ.



பிப்ரவரி 15

என் கையெழுத்து எவருக்கும் புரியாது, அதனால் எழுதுகிறேன். ஈஸ்டருக்கு நான் சுடும் இனிப்பு ரொட்டிக்கு இந்தக் குளிர் பிடித்த ஃபால் ரிவரில் பாதி ஊர் வாசலில் நிற்கும். 'தெல்மீராவின் கைராசி' என்பார்கள். கையாவது ராசியாவது! நாற்பது வருஷமாக மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அந்த இரும்போடு ஒட்டி வைக்கிறேன். பாய்லர் நின்றாலும் இரும்பு ஆறாது. மாவு தானாகப் பொங்கும். பேரப்பிள்ளைகள் ஏழு பேருக்கும் இது தெரியாது. இரும்பு போனால் என் மானமும் அதே வண்டியில் ஏறும்.

பிப்ரவரி 20

பிளம்பர் செராஃபிம் வந்தான். செம்புக் குழாயில் தகடு கோத்த ஹீட்டராம். "சட்டுனு சூடாகும் ஆச்சி."

"சட்டுனு ஆறியும் போகும். அஞ்சாவதோட நின்ன எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

"அதான் ரெண்டையும் கலக்கக் கூடாதுங்கிறேன். ஒரு ரூம் வேகும், இன்னொண்ணு விறைக்கும். மாத்தினா வீடு பூரா மாத்தணும்."

வேறு வழி? செத்துப்போன என் வீட்டுக்காரரை இழுத்தேன். "உங்கப்பா முதுகுல சுமந்து கொண்டாந்த இரும்புடா!" என்று அடெலினோவிடம் மூக்கைச் சிந்தினேன். அவர் சுமந்தது பீர் பாட்டில். நாலு பேர் இரும்பைத் தூக்கி வரும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்ற மனுஷன். குவால்டர், மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டால் போ.

அடெலினோ கண் கலங்கிவிட்டான்.

பிப்ரவரி 21

பலித்தது. இரும்பு இருக்கும்!

மார்ச் 6

சுவரை இடிக்க இரும்பை எடுக்க வேண்டும்; அறுத்தால் விரிசல் விடுமாம். மூட்டு மூட்டாகக் கழற்றினார்கள். பின்னால் — ஐயோ — காய்ந்த மாவு உருண்டைகள், கை நிறைய. நான் எப்போதோ தொலைத்த மரக்கரண்டி வேறு. நடாலியா ஓர் உருண்டையை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"எலி வேலை" என்றேன்.

அவள் உருண்டையைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். பேசித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 17

இரும்பை முன்னறையில் பொருத்தியாகிவிட்டது. குவால்டர் படத்துக்கு நேர் கீழே! "அப்பா ஞாபகம்மா. பக்கத்துல யாரும் ஒரு சாமானும் வைக்கக் கூடாது" என்றான் அடெலினோ.

என் வாயே எனக்குக் குழி.

மார்ச் 24

புது அடுப்படியில் ஒரு கிண்ணம் மாவு வைத்துப் பார்த்தேன். கல்லாய்க் கிடக்கிறது. ஈஸ்டருக்கு எட்டே நாள். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா?

மார்ச் 31

காலையில் பிசைந்த மாவோடு நடு அடுப்படியில் நின்றேன். நடாலியா பாத்திரத்தைப் பிடுங்கினாள். நேரே முன்னறைக்குப் போய் இரும்போடு ஒட்டி வைத்துக் கம்பளியைப் போர்த்தினாள்.

"ஏய், அது அப்பா இடம்!" என்று அடெலினோ ஓடி வந்தான்.

"மாமாவுக்கு மாவு வாசனைன்னா உயிராம். அத்தைதான் சொன்னாங்க. போய் வேலையைப் பாருங்க."

நான் எப்போது சொன்னேன்? அவருக்கு மாவைக் கண்டாலே தும்மல்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கிவிட்டது. விடியுமுன் சுட்டுக் கோவிலுக்கு எடுத்துப் போனோம். பூசை முடிந்து கோவில் வாசலில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "கைராசின்னா தெல்மீராதான்!"

பக்கத்தில் நடாலியா ஒன்றும் தெரியாதவள் மாதிரி கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் என் மருமக கை" என்றேன்.