உள்பக்கம் திருப்பிய பேனர்

தங்கச்சி,

போனில் பேசினால் உன் பேச்சில் நான் கரைந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தொண்டு நிறுவனமும் நான் வேலை செய்கிற கம்பெனியும் கலெக்டர் ஆபீசும் சேர்ந்து கும்மிடிப்பூண்டியில் திறந்த குழந்தைகள் காப்பகம் நன்றாகவே நடக்கிறது. சின்னவனை அங்கே விட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போகிறேன். அதைக் குறை சொல்லமாட்டேன்.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, "சும்மா சொல்லுக்கா, மன்சு லேசாவும்" என்றாய். தங்கச்சியிடம்தானே என்று அழுதேன். நீ போனில் படம் எடுத்ததைக்கூட நான் தப்பாக நினைக்கவில்லை. திறப்பு விழாவில் அந்த அழுத முகம் பேனரில் ஆளுயரத்துக்கு நின்றது. கீழே, 'கணவனால் கைவிடப்பட்ட தாய்' என்று கொட்டை எழுத்தில்.

விழா முடிந்ததும் பேனர்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். என்னுடையதை நானே கேட்டு வாங்கினேன். கெட்டியான ஷீட், கிழித்துப்போட மனம் வரவில்லை. குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்டினேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று படத்தை உள்பக்கம் திருப்பிவிட்டேன்.

பெரியவள் பூமிகா இந்த வருஷம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். திருப்பிக் கட்டும்போது அது எனக்குத் தோன்றவில்லை. நேற்று தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"யம்மா, நைனா குஜராத்துல வேல செய்றார்னு சொன்னியே. கைவிடப்பட்டன்னா இன்னா?"

"சித்தி எழுதினது. அவ வந்தா கேளு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. அவள் கேட்பதற்குக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் பேனரில் இருப்பவள்