கருநாகத்தின் பெயர்

போன வாரம் மகள் வீட்டில் பேத்தி நகத்துக்குச் சிவப்புப் பூச்சு வைத்துக்கொண்டிருந்தாள். குப்பியைத் திறந்ததும் வந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டென்சில் தாளில் தப்பான எழுத்தை அழிக்க நீங்கள் பூசும் திரவத்துக்கும் இதே வாசனைதான். மாதம் பிறந்தால் எங்கள் வீட்டுக்கு வரும் அந்தப் பழுப்பு உறையைப் பிரித்ததும், சைக்ளோஸ்டைல் மையோடு கலந்து அது மூக்கில் ஏறும். அதை முகர்ந்த பிறகுதான் என் பேரரசு பிழைத்ததா போனதா என்று படிக்கவே தொடங்குவேன்.

நீங்கள் காலமான செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கல்லறைக்கு வந்து பூ வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட்டேன். பேச நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் கணிதம் படித்து முடித்துவிட்டு, நாமக்கல்லுக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் கல்யாணத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு அறிவியல் மாத இதழின் கடைசிப் பக்கத்தில் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். விண்வெளியில் பேரரசு அமைக்கும் ஆட்டம், தபாலிலேயே ஆடலாம், ஆறு பேர் வேண்டும். பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு எழுதினேன். பெண் என்று தெரிந்தால் சேர்க்கமாட்டீர்களோ என்று பயம்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்த நீங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பூசை முடிந்ததும் உட்கார்ந்து, ஆறு பேரும் எழுதியனுப்பும் ஆணைகளின்படி அவர்கள் கப்பல்களைக் கையாலேயே கணக்குப் போட்டு நகர்த்துவீர்களாம். யார் எந்தக் கோளில் சுரங்கம் வெட்டுகிறார்கள், யார் யாரை வளைக்கிறார்கள் என்பது முழுக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எங்களுக்கு எங்கள் மூலை மட்டும் தெரியும். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களும் உங்கள் வழியாகத்தான் போகும், புனைபெயரில். ஆட்டம் முடியும்வரை யார் பெயரையும் யாருக்கும் சொல்வதில்லை என்று முதல் மடலிலேயே வாக்குக் கொடுத்திருந்தீர்கள்.

என் கோள்களுக்கு நமக்குத் தெரிந்த ஊர்களின் பெயரை வைத்தேன். தண்ணீர் நிறைந்தது பனமரத்துப்பட்டி. உணவு விளையும் கோளுக்கு, அந்த ஊர்ச் செம்மறியாட்டை நினைத்து, மேச்சேரி. அந்த விளையாட்டுப் புத்தியால்தான் வந்தது வினை.

'கருநாகம்' என்ற பெயரில் ஆடியவர் எனக்கு எழுதிய மடல் அண்ணன் கையில் சிக்கியது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "அடுத்த மாதத்துக்குள் மேச்சேரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். உங்களிடம் உள்ளதை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். எல்லையில் காத்திருப்பேன். நாம் இருவரும் சேர்ந்துவிட்டால் பிறகு எவராலும் ஒன்றும் செய்ய முடியாது."

அதைப் படித்தபோது இருந்த அண்ணன் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. "ஆருடி இந்தக் கருநாகம்? மேச்சேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கறானா?" விண்வெளி, கப்பல், ஆட்டம் என்று நான் சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம்தான் ஏறியது. "நட்சத்திரத்துல சண்ட போடறியாக்கும், கவர் ஒட்டி?" என்று உங்கள் தாள்களையெல்லாம் அடுப்பில் போட்டான். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய்விட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணில் பட்ட முதல் மாப்பிள்ளைக்கு என்னைக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நான் வாசலைத் தாண்ட முடியாது.

உங்களுக்கு என் ஆணைகள் வரவில்லை. நீங்கள் அனுப்பிய உறையில் "இப்படி யாரும் இல்லை" என்று எழுதித் திருப்பிவிட்டான் அண்ணன். இத்தனை நாள் ஆடியவருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்துப் பேருந்து ஏறி வந்துவிட்டீர்கள். வழியில் கணக்கை முடித்துவிடலாம் என்று ஆட்டத்தின் பெரிய வரைபடத்தையும் ஒரு துண்டு பைப்புக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தீர்கள்.

வாசலில் நின்று என் முதலெழுத்துகளைச் சொல்லி, "அவர் இருக்காருங்களா? சேலத்துலருந்து வரேன்" என்று கேட்டீர்கள்.

"அவரு இல்லீங்க. அவ இருக்கா" என்றான் அண்ணன். அடுத்த நொடி உங்கள் சட்டை அவன் பிடியில் இருந்தது. "நீதானா அந்தக் கருநாகம்?"

"நான் இல்லீங்க. நான் ஆட்டத்தை நடத்தறவன்."

"அப்ப அவன் பேரச் சொல்லு."

"அந்தப் பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

அவன் அறைந்ததில் உங்கள் கண்ணாடி தெறித்துப் போய்க் களத்தில் விழுந்தது. கதவோரம் நின்ற நான் கத்தினேன். "சொல்லிருங்க சார்! ஆரா இருந்தா என்ன!" நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வரப்பிலிருந்து வந்த அப்பாவிடம் மட்டும் பேசினீர்கள்.

"ஐயா, வரைபடம் கொண்டுவந்திருக்கேன். உங்களுக்கு எல்லாத்தையும் காட்டறேன். ஆனா உங்க மக உள்ள போயிடணும். அவங்க பார்க்கக்கூடாது."

"அவ எதுக்குப் பாக்கக்கூடாது?"

"அவங்க ஒரு ஆட்டக்காரங்க. மத்தவங்க கப்பல் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுட்டா அது நியாயம் இல்லீங்க."

கன்னம் சிவந்து, கண்ணாடி இல்லாமல், அப்போதும் ஆட்டத்தின் நியாயத்தைப் பேசிய உங்களை அப்பா வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்ல வந்தவன் இப்படிக் கேட்கமாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அம்மிணி, உள்ள போ" என்றார்.

சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தாள் விரியும் சத்தம். பிறகு அப்பாவின் குரல்.

"இந்தச் செவப்பு ஆருதுங்க?"

"அதுதாங்க கருநாகம்."

"எம் புள்ளையோடது?"

"இந்தப் பச்சை எல்லாம் அவங்களோடதுங்க."

"இத்தனையுமா?" என்றார் அப்பா. என்னைப் பற்றி அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள். அண்ணன் உங்கள் கண்ணாடியைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்துவிட்டு, கிணற்று மோட்டார் போடப் போய்விட்டான். கல்யாணப் பேச்சு அடங்கியது. நான் எழுதும் ஆணைகளை அப்பா எட்டிப் பார்ப்பார். தப்பான பக்கம் கப்பல் அனுப்புகிறேன் என்று தெரிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. வரைபடத்தில் பார்த்ததைச் சொல்வதில்லை என்று உங்களிடம் அவரும் வாக்குக் கொடுத்திருந்தாராம்.

மறுவருடம் ஆட்டம் முடிந்தது. நான் ஜெயிக்கவில்லை. எல்லாரையும் சேலத்துக்கு வரச்சொல்லி, கோவில் பக்கத்துக் கூடத்தில் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினீர்கள். நரைத்த தலையும் வெளுத்த நூல் சேலையுமாக ஓர் அம்மா எழுந்தார். "நான்தாம்மா கருநாகம்" என்றார் சிரித்துக்கொண்டே. கெங்கவல்லிப் பள்ளி ஆசிரியை. கணவரை இழந்து தம்பி வீட்டில் இருப்பவர்.

உங்களைத் தனியே அழைத்துக் கேட்டேன். "பொம்பளைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே எங்க ஊட்ல முடிஞ்சிருக்குமுங்களே? அடி வாங்கியிருக்க வேண்டாமுங்களே?"

"முடிஞ்சிருக்கும்" என்றீர்கள். "இன்னொருத்தங்க வீட்ல ஆரம்பிச்சிருக்கும்."

பிறகு அந்த அம்மாவே சொன்னார். வீட்டில் புத்தகம் பிரித்தாலே தம்பிக்கு ஆகாதாம். உறைகளைப் பள்ளி விலாசத்துக்குத்தான் வரவழைத்தாராம். பெண் என்று மட்டும் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் ஊரையும் பெயரையும் கேட்காமல் விட்டிருக்க மாட்டார்கள்; பெயர் வெளியே வந்திருந்தால் உறவுமுறை, சந்தை என்று சுற்றி அது ஒரே வாரத்தில் கெங்கவல்லி போய்ச் சேர்ந்திருக்கும். அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஆட்டம் அது. அது நின்றுவிடக்கூடாது என்றுதான் நீங்கள் கன்னத்தைக் கொடுத்தீர்கள். என்னையும் நீங்கள் கைவிடவில்லை. இருவருக்கும் பழுதில்லாமல் ஒரு வழி இருக்கும் என்று நம்பி, அடிபட்ட இடத்திலேயே நின்று அதைக் கண்டுபிடித்தீர்கள். அதுபோல ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அப்பா என்னை மேலே படிக்க அனுப்பினார். வேலைக்குப் போனேன். பின்னாளில் நாமக்கல்லில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன் ஆனேன். ஒருநாள் ஒரு தகப்பனார் கையில் ஒரு கடிதத்தோடு என் அறைக்குள் வந்தார். அவர் மகளின் பைக்குள் கிடந்ததாம். கொண்டுவந்து கொடுத்த பெண் யார், பெயரைச் சொல் என்று மேசையைத் தட்டினார். எனக்கு அந்தப் பெயர் தெரியும். அந்தப் பெண்ணே என்னை நம்பிச் சொல்லியிருந்தாள்.

"பேரு மட்டும் கேக்காதீங்க. உங்க புள்ளைகிட்ட மொதல்ல பேசலாம், உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை, கை ஓங்கினார். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. கடைசியில் அவர்தான் உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டுவிட்டு அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் தம்ளரில் விழாமல் மேசையெல்லாம் சிந்தியது. அப்படி நடுங்கியது என் கை.

அத்தனை வருடம் உங்களைப் பயமே அறியாதவர் என்று நினைத்திருந்தேன். எங்கள் வாசலில் உங்களுக்கும் இப்படித்தான் நடுங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.